நண்டுவின் நெற்றிமுடி

மார்ச் 4, செவ்வாய்

முடிவெட்டும் கடைக்கு வார விடுமுறை. துணி துவைத்தேன். கத்தரிக்கோல்களைத் துடைத்து எண்ணெய் விட்டேன். மத்தியானம், வேறு வேலை எதுவும் இல்லாதவள் மாதிரி, பள்ளிக்கூடத் தெருப்பக்கம் நடந்தேன்.

யாரை ஏமாற்றுகிறேன்? காலையிலிருந்து அது ஒன்றுதான் வேலை. மற்றதெல்லாம் பொழுதைத் தள்ளுவதற்கு.

எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் நின்றால் பள்ளிக்கூட வாசல் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு செவ்வாயும் எதையாவது ஜெராக்ஸ் எடுக்கிறேன். மின்சார பில்லுக்கு இத்தனை நகல் வைத்திருப்பவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

நண்டு வந்தாள். நடை பழகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டிலேயே போவாள், அதனால் நான் வைத்த பெயர். இப்போது நேராகத்தான் நடக்கிறாள். பை ஒரு தோளில், ஒரு காலுறை கணுக்காலில். வேனில் ஏறும்போது முடியை ஊதி விலக்கினாள். நெற்றிமுடி கண் வரைக்கும் இறங்கிவிட்டது.

யாரும் வெட்டிவிடவில்லை. இதுவரை அவள் தலையில் என் கத்தரிக்கோலைத் தவிர வேறு எதுவும் பட்டதில்லை. அது ஒரு சந்தோஷமா என்று கேட்டால், ஆமாம், அற்ப சந்தோஷம்.

மார்ச் 8, சனி

"இன்னைக்கு வேணாம்," என்றார் நண்டுவின் அப்பா போனில். அவ்வளவுதான்.

பிரியும்போது அவர் வாயாலேயே சொன்னது: "சனிக்கிழமை மத்தியானம் அவளை உன்கிட்ட அனுப்பறேன். அதுல என்ன இருக்கு." முதலில் ஒழுங்காக அனுப்பினார். பிறகு இருமல் என்றார். பிறகு பரீட்சை. பிறகு யாரோ விருந்தாளி. இப்போது காரணம் சொல்லும் சிரமம்கூட இல்லை. லிஃப்ட் பழுது பார்ப்பவர். மாடிக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களை இறக்கிவிடுவதுதான் பிழைப்பு. என்னை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்.

எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. பேச்சு வற்றிப்போனது. கோர்ட் வாசலில் மனு எழுதுகிறவரிடம் இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். "உங்க ரெண்டு பேருக்கும் பொறந்த குழந்தை?" என்று கேட்டார். இல்லை என்றோம். உண்மைதானே. அவளைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். நான் வந்தபோது நண்டுவுக்கு ஒன்றரை வயது, இன்னும் சுவரைப் பிடித்துத்தான் நடந்தாள். "இல்லை" என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

இன்று கடையில் கூட்டம். சின்னப் பிள்ளைகளுக்காக நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளுக்கும் குறுக்கே போடுகிற பலகையை, அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்தேன். அதற்கு மெத்தை தைத்தது நண்டுவுக்காக. வேறொரு பிள்ளை அதில் உட்கார்ந்து காலை ஆட்டியது. பிள்ளை பாவம், அது என்ன செய்யும். நான்தான் அன்பாக ஒரு வார்த்தை பேசாமல் வெட்டி அனுப்பினேன்.

மார்ச் 11, செவ்வாய்

மழை. வேன் சீக்கிரம் கிளம்பிவிட்டது. பார்க்க முடியவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

இன்று பேசினேன்.

வேன் வரத் தாமதம். அவள் மட்டும் சுற்றுச்சுவர் ஓரமாக நின்றாள். என் கால் தானாகத் தெருவைத் தாண்டியது. "சித்தி," என்றாள். ஓடி வந்து வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டாள். தலையில் ஏதோ புது ஷாம்பு வாசனை. எனக்குப் பழக்கமில்லாத வாசனை.

"போர்டு தெரியல சித்தி. மிஸ் என்னைய முதல் பெஞ்சுல உக்கார வச்சுட்டாங்க. கண்ணு டெஸ்ட் பண்ணணுமாம்."

கண்ணுக்கு ஒன்றும் இல்லை, முடிதான். யாருக்குமே அது தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சல். நல்ல கத்தரிக்கோலை எந்த முடிவெட்டுக்காரியும் கடையில் விட்டுவிட்டு வரமாட்டாள், அது எப்போதும் துணி சுற்றி என் கைப்பையில்தான் இருக்கும். மண்டியிட்டேன். அவள் தண்ணீர் பாட்டிலிலிருந்து விரல் நனைத்து முடியைத் தடவினேன். அவள் பழக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டாள். வெட்டினேன். கண் திறந்து என்னைப் பார்த்தாள் பாருங்கள், அதற்காக எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

"யாரும்மா நீங்க?" என்றார் வாட்ச்மேன்.

கத்தரிக்கோலைத் துணியில் சுற்றினேன். "இது என் சித்தி," என்றாள் நண்டு. வேன் வந்துவிட்டது.

கைக்குட்டையில் விழுந்த முடியை மடித்து எடுத்து வந்தேன். குப்பையில் போட மனசு வரவில்லை.

மார்ச் 21, வெள்ளி

பதிவுத் தபால். அவருடைய வக்கீல் அனுப்பிய நோட்டீஸ். வாடிக்கையாளர் ஒருத்தருக்குப் பாதித் தலைக்குச் சாயம் பூசியிருந்தேன், பூச்சுக் கையோடு கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

"தங்களுக்கு எவ்வித உறவும் இல்லாத சிறுமியைக் கூரிய ஆயுதத்துடன் அணுகி..."

கூரிய ஆயுதம். என் கத்தரிக்கோல்தான் கூரிய ஆயுதம். அந்த ஆயுதத்துக்குத்தானே இத்தனை வருஷமும் அவரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார், அப்போ தெரியலையா? எவ்வித உறவும் இல்லாத. எவ்வித. ராத்திரி பூரா முதுகைத் தட்டிக் கொடுத்தது யாரு, மாத்திரையை நுணுக்கித் தேன்ல குழைச்சது யாரு, பேன் எடுத்தது யாரு? என்னமா எழுதியிருக்கான் படிச்சவன்.

இனிமேல் பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்தால் போலீஸில் புகார் கொடுப்பார்களாம்.

சாயம் பூசியவருக்கு நேரம் கடந்து முடி கறுகறுவென்று ஆகிவிட்டது. அவர் நல்ல மனுஷி, இருபது வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 23, ஞாயிறு

கடை முதலாளியம்மாவிடம் காட்டினேன். "மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு விட்டுரு. வக்கீல்கிட்ட போனா விஷயம் பெருசாயிடும். நமக்கெல்லாம் எதுக்கு கோர்ட்டு?" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

உட்கார்ந்து எழுதினேன். செய்தது தப்பு, மன்னிக்கவும், இனிமேல் குழந்தையைப் பார்க்க வரமாட்டேன், புகார் எதுவும் வேண்டாம். வரமாட்டேன் என்ற வரியில் கை நின்றது. அப்புறம் எழுதிவிட்டேன். போலீஸ் என்றால் பயம்.

மார்ச் 25, செவ்வாய்

தபால் ஆபீஸில் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. வரிசை நகராததால்தான் பக்கத்தில் இருந்த பலகையைப் படித்தேன். இலவச சட்ட உதவி மையம், முதல் மாடி. இத்தனை வருஷமாக இதே தபால் ஆபீஸுக்கு வருகிறேன், ஒருநாளும் தலை நிமிர்ந்து பார்த்ததில்லை.

மேலே ஒரு சின்ன வயசு வக்கீலம்மா. முடி வலது பக்கம் ஒரு விரல் நீளம் அதிகம், யாரோ அவசரத்தில் வெட்டியிருக்கிறார்கள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

நோட்டீஸைப் படித்தாள். "அக்கா, முதல்ல ஒண்ணு. இது வக்கீல் நோட்டீஸ். கோர்ட் உத்தரவு இல்ல. அவங்க சொல்றதை அவங்க சொல்லியிருக்காங்க, அவ்ளோதான். அதுக்காகக் கண்டுக்காம விட்டுடவும் கூடாது. நாம ஒழுங்கா பதில் அனுப்பணும்."

பிறகு என் மன்னிப்புக் கடிதத்தைப் படித்தாள். மடித்து மேஜைமேல் வைத்தாள்.

"இதைப் போஸ்ட் பண்ணிட்டீங்களா?"

"இல்லம்மா, வரிசை பெருசு."

"நல்ல வேளை. பார்க்க வரமாட்டேன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா, நாளைக்குப் பார்க்கணும்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கேப்பீங்க? பயத்துல எதையும் எழுதாதீங்க. நோட்டீஸ் வந்தா, போலீஸ் கூப்பிட்டா, எதுலயாவது கையெழுத்து கேட்டா, அன்னைக்கே ஒரு வக்கீல்கிட்ட காட்டிடுங்க. அப்புறம் வந்தா எங்களால பாதிதான் செய்ய முடியும்."

அவரைப் பிரியும்போது ஏன் ஒரு வக்கீலையும் கேட்கவில்லை என்றாள். சண்டையே இல்லையே, வக்கீல் எதற்கு என்று இருந்துவிட்டேன் என்றேன்.

"சண்டை இல்லாதப்பதான் அக்கா எழுதி வாங்கறது சுலபம். அன்னைக்கு சனிக்கிழமைன்னு ஒரு வரி எழுதியிருந்தா அவரே சந்தோஷமா கையெழுத்துப் போட்டிருப்பார்."

கேட்க வந்ததைக் கேட்டேன். "எனக்கு அவமேல உரிமை இருக்காம்மா?"

அவள் பேனாவை மூடினாள். "உங்க உரிமைன்னு கேட்டா கஷ்டம். பெத்தவங்க இல்ல, தத்தும் எடுக்கல. ஆனா வளர்த்தவங்களைப் பார்க்கறது அவளுக்கு நல்லதுன்னு கேக்கலாம். அது அவளோட உரிமை. அப்படிக் கேட்டா கோர்ட் காது குடுக்கும். கிடைக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

கோர்ட்டில் மனுப் போடலாம் என்று சொல்லி, ஒரு நிபந்தனை போட்டாள். முடிவு தெரிகிற வரைக்கும் பள்ளிக்கூடத் தெருவில் கால் வைக்கக் கூடாது. அவருக்குப் போன் போட்டுத் திட்டக் கூடாது. திட்டுவேன் என்று எப்படித் தெரிந்ததோ.

"எத்தனை நாளைக்கு?"

"தெரியாது அக்கா."

அவளைப் பார்ப்பதற்காக அவளைப் பார்க்காமல் இருக்க வேண்டும். இதை யாரிடம் போய்ச் சொல்ல.

ஏப்ரல் 1, செவ்வாய்

போகவில்லை. வீட்டிலேயே, அதாவது கடைக்குப் பின்னால் இருக்கும் இந்த அறையிலேயே, உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடம் விடும் நேரம் வந்தபோது உடம்பு தானாக எழுந்து செருப்பைத் தேடியது. செருப்பைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் எறிந்தேன். பிறகு குனிந்து அதை எடுக்கப்போய் முதுகு பிடித்துக்கொண்டது.

அவள் எதிர்ச்சாரியைப் பார்த்திருப்பாளா? அன்றைக்கு வந்து முடி வெட்டினாள், அப்புறம் வரவே இல்லை என்று நினைத்திருப்பாளா? நான் அவளை விட்டுவிட்டேன் என்று நினைத்தால்? அதைத்தான் தாங்க முடியவில்லை. என்னைப் பற்றி நோட்டீஸில் எது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும், அவள் மட்டும் அப்படி நினைக்கக் கூடாது.

ஏப்ரல் 9, புதன்

மனுவைப் படித்துக் காட்டினாள் வக்கீலம்மா. மனுதாரர், சிறுமியின் மாற்றாந்தாய். எனக்குச் சுருக்கென்றது. கதையில் வருகிற மாற்றாந்தாய்கள் எல்லாம் பிள்ளையைப் பட்டினி போடுகிறவர்கள்.

"சட்டத்துல அதுதான் அக்கா வார்த்தை. அடுத்த வரியைக் கேளுங்க." அடுத்த வரியில், ஒன்றரை வயது முதல் உண்ணவும் உடுக்கவும் உறங்கவும் பழக்கியவர் என்று இருந்தது. அந்த வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னேன்.

ஆதாரம் கேட்டாள். ஆஸ்பத்திரியில் தடுப்பூசிக்கு நான் போட்ட கையெழுத்துகள் இருக்கின்றன, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் சேர்த்தது நான். வகுப்பு மிஸ் வந்து சொல்வார்கள். பிறகு நானாகச் சொன்னேன்: அவளுக்கு உச்சியில் ரெட்டைச் சுழி, ஒன்று இந்தப் பக்கம் சுற்றும், இன்னொன்று அந்தப் பக்கம், அதனால் பின்னால் ஒரு கற்றை எப்போதும் தூக்கிக்கொண்டு நிற்கும், அந்தக் கற்றையை ஈரத்தோடு வெட்டினால் காய்ந்ததும் குட்டையாகிவிடும். இது அவள் அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

வக்கீலம்மா சிரித்தாள். "இதை மனுல போட முடியாது அக்கா." சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

சந்தைக்குப் போன இடத்தில் சிக்னலில் அந்த வேன் வந்து நின்றது. ஜன்னலில் அவள். நெற்றிமுடி மறுபடியும் வளர்ந்திருக்கிறது. கண்ணாடியில் விரலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள்.

கை தூக்கியிருந்தால் பார்த்திருப்பாள். பள்ளிக்கூடத் தெரு இல்லை, நடு ரோடு, இதில் என்ன தப்பு? ஆனாலும் பயம். திரும்பி ஒரு பாத்திரக் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவர்சில்வர் தவலையில் வேன் நகர்ந்து போவது தெரிந்தது.

ஒழுங்காக நடந்துகொண்டேன். அறைக்கு வந்து சத்தம் போட்டு அழுதேன்.

மே 6, செவ்வாய்

தேதி தள்ளிப் போய்விட்டது. நீதிபதி விடுப்பு. நீதிபதிக்கும் உடம்பு சரியில்லாமல் போகும் என்பது எனக்கு இன்றுதான் தோன்றியது.

மே 20, செவ்வாய்

குடும்பக் கோர்ட்டில், வழக்கு விசாரணைக்கு முன்னால் பேசித் தீர்க்க ஓர் அறை. ஒரு மேஜை, நடுவில் ஆலோசகர் அம்மா. என் பக்கத்தில் வக்கீலம்மா, எதிரில் அவர்.

இளைத்திருந்தார். இடது காதுக்கு மேல் யாரோ மிஷினை ஒட்ட ஓட்டியிருக்கிறார்கள். எங்கே வெட்டினீங்க என்று வாய் வரைக்கும் வந்தது.

அவர்தான் முதலில் பேசினார். "சனிக்கிழமை இவகிட்ட போயிட்டு வந்தா ரெண்டு மூணு நாளைக்கு யார்கிட்டயும் பேச மாட்டா. தட்டுல போட்டது அப்படியே இருக்கும். என்னால பார்க்க முடியல. அனுப்பாம இருந்தா கொஞ்சம் கொஞ்சமா மறந்துடுவான்னு நெனச்சேன்."

"மறந்தாளா?" என்றார் ஆலோசகர்.

அவர் மேஜையைப் பார்த்தார். "இல்ல."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. மறக்கடிக்கத்தான் இத்தனையுமா என்று கேட்க வாயைத் திறந்தேன். வக்கீலம்மா என் முழங்கையைத் தொட்டாள். அதற்குள் அவர், "ஸ்கூல் வாசல்ல ஒரு பொம்பளை கத்தரிக்கோலோட நிக்கறான்னு வாட்ச்மேன் போன் பண்றான். நான் பதினாலாவது மாடியில தொங்கிட்டு இருக்கேன். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு," என்றார்.

அதை நான் யோசித்ததே இல்லை. உயரத்தில் தொங்கிக்கொண்டு அந்தப் போனை எடுத்த கையை நினைத்துப் பார்த்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். பிறகு, "பயந்திருப்பீங்க," என்றேன். அவர் தலையை ஆட்டினார். இரண்டு பேரும் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு விஷயத்தைப் பேசியிருக்கிறோம்.

ஆலோசகர் நண்டுவைத் தனியாக ஏற்கெனவே பார்த்துப் பேசியிருந்தார். எல்லாவற்றையும் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் சொன்னார். அவள் கேட்டாளாம்: "ரெண்டு பேரும் எனக்கு வேணும்னு சொன்னா யாராச்சும் கோச்சுப்பாங்களா?"

அதற்கப்புறம் அந்த அறையில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

முடிவு: கோடை விடுமுறை முடிந்த பிறகு, செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அவர் கொண்டு வந்து விடுவார், பொழுது சாய்ந்து கூட்டிப் போவார். ஆறு மாதம் பார்த்துவிட்டு விடுமுறை நாட்களைப் பற்றிப் பேசலாம். நீதிபதி கையெழுத்துப் போட்டதும் அது உத்தரவு, இருமல் பரீட்சை எதுவும் செல்லாது. நண்டுவின் அப்பா ஒரு வரி சேர்க்கச் சொன்னார். தகப்பனின் சம்மதம் இல்லாமல் குழந்தையின் முடியை வெட்டக் கூடாது.

வக்கீலம்மா என்னை வெளியே கூட்டிப்போனாள். "இது பிடிக்கலைன்னா பேசிப் பார்க்கலாம் அக்கா. இன்னைக்கே கையெழுத்துப் போடணும்னு இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். முடிவெட்டுக்காரியிடம் முடியைத் தொடாதே என்கிறார். தொடவில்லை. முடியா முக்கியம், அதற்குக் கீழே இருக்கிற முகம்தான் எனக்கு வேண்டும். உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன்.

மே 27, செவ்வாய்

வக்கீலம்மா கடைக்கு வந்தாள். விடுமுறைதான், திறந்தேன். அவள் முடியின் வலது பக்கத்தைச் சரி செய்து அனுப்பினேன். இவ்வளவு நாள் பொறுத்ததே பெரிய விஷயம்.

ஜூன் 10, செவ்வாய்

வந்தாள்.

வாசலில் யாரோ வாடிக்கையாளர் மாதிரி நின்றாள். அவள் அப்பா பையைக் கொடுத்துவிட்டு, "பொழுது சாஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தேடித் தேடிச் சேர்த்து வைத்த வார்த்தைகள் ஒன்றுகூட வரவில்லை. "பசிக்குதா?" என்றேன். பிஸ்கட் தின்றாள். வீட்டுப்பாடம் எழுதினாள். முடி மூக்கு வரைக்கும் தொங்கியது.

"நீ ஏன் வரல?" என்றாள், நோட்டைப் பார்த்தபடியே.

"வரக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. வந்தா உன்னைய மொத்தமாவே பார்க்க முடியாம போயிருக்கும்."

"செவ்வாய்க்கிழமை ஜெராக்ஸ் கடையைப் பார்ப்பேன்."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அத்தனை நாளும் தெரிந்திருக்கிறது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "வெட்டிவிட மாட்டியா?" என்று முடியை ஊதினாள்.

"அப்பா சொல்லணும்டா."

கிளிப் ஒன்று எடுத்து முடியை ஒதுக்கிக் குத்தினேன்.

ஜூன் 17, செவ்வாய்

வந்தாள். இன்று இரண்டு கிளிப்.

ஜூன் 24, செவ்வாய்

அவர் வழக்கம்போலப் பையை நீட்டினார். போகாமல் நின்றார். கடைக் கண்ணாடியில் தன் காதோரத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"கண்ணுல விழுது போல இருக்கு," என்றார்.

பழைய நானாக இருந்தால் அப்போதே கத்தரிக்கோலை எடுத்திருப்பேன். "அதைச் சம்மதம்னு எடுத்துக்கலாமா?" என்று கேட்டேன்.

சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது அவருக்கு. "எடுத்துக்கோ," என்றார். பிறகு நண்டுவிடம், "அப்பா இங்கதான் வெளியில இருக்கேன்," என்று சொல்லிவிட்டுப் படியில் போய் உட்கார்ந்தார்.

அலமாரிக்குப் பின்னாலிருந்து பலகையை எடுத்தேன். மெத்தையில் தூசி. தட்டிவிட்டு நாற்காலியின் கைப்பிடிகளுக்குக் குறுக்கே வைத்தேன்.

"அது வேணாம் சித்தி," என்றாள். பலகையைத் தானே தூக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, நாற்காலியில் நேராக ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியில் அவள் முகம் முழுசாகத் தெரிந்தது. நான் இல்லாமலே வளர்ந்திருக்கிறாள்.

துண்டைச் சுற்றினேன். நெற்றிமுடியை நனைத்துச் சீவினேன். ரெட்டைச் சுழி அங்கேயேதான் இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எவ்வளவு வெட்டணும்?" என்று கேட்டேன். கடைக்கு வருகிற எல்லாரிடமும் கேட்பதுதான், இவளிடம் இத்தனை வருஷத்தில் ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் கண்ணைத் திறந்து கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு புருவத்துக்கு மேலே விரலை வைத்துக் காட்டினாள்.